அட்மின் சாப்பிட்ட இட்லி

தமிழ்நாட்டில் எந்தத் தலைவரும் தப்பாகப் பேசுவதே இல்லை. அவர் சொன்னதை யாரோ வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். வெட்டவும் ஒட்டவும் ஆள் கிடைக்காவிட்டால் அட்மின் எழுதிவிடுகிறார்.

இந்த அட்மின் பொதுவாழ்வுக்கு வந்தது 2018 மார்ச்சில். திரிபுராவில் லெனின் சிலையை இடித்தார்கள். நாளை பெரியார் சிலைதான் என்கிற தொனியில் பா.ஜ.க.வின் எச்.ராஜாவுடைய ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு பதிவு வந்தது. ஊர் கொதித்ததும், அது தன் அனுமதி இல்லாமல் அட்மின் போட்டது என்றார் ராஜா. அதே ஆண்டு செப்டம்பரில் திருமயம் பக்கம் போலீஸாரோடு நடந்த வாக்குவாதத்தில் உயர் நீதிமன்றத்தையும் அவர் இழுத்தது வீடியோவில் வந்தது. வீடியோவில் கைவைத்துவிட்டார்கள் என்றார். அக்டோபரில் நீதிமன்றத்துக்கு வந்து நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டார். வாய்க்கு அட்மின் வைத்துக்கொள்ள முடியாது, பாவம்.

எங்கள் மயிலாப்பூரின் முன்னாள் எம்.எல்.ஏ. எஸ்.வி.சேகர் இன்னொரு வழி கண்டார். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவொன்றை 2018 ஏப்ரலில் பகிர்ந்தவர், படிக்காமலே பகிர்ந்துவிட்டேன் என்றார். எத்தனையோ சபாக்களைச் சிரிக்க வைத்தவர்தான். ஆனால் இந்த வசனத்துக்கு நீதிமன்றம் சிரிக்கவில்லை. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

தி.மு.க.வின் பொன்முடி பேராசிரியராக இருந்தவர். அவருக்கு அட்மின் தேவைப்படவில்லை, மைக் போதும். அரசே பெண்களுக்கு இலவசப் பேருந்து விட்டது. இவர் அமைச்சராக மேடையேறி அதை 'ஓசி' என்றார். 2025 ஏப்ரலில் சைவ, வைணவச் சின்னங்களை வைத்து ஒரு 'ஜோக்' சொன்னார். அதை இங்கே எழுதினால் நாளைக்கு மாட வீதியில் நான் கீரை வாங்க முடியாது. கட்சிப் பதவி போயிற்று, மன்னிப்பு வந்தது, மாதக் கடைசியில் அமைச்சர் பதவியும் போயிற்று.

அந்தக் காலத்தில் எல்லாரும் கண்ணியமாகப் பேசினார்கள் என்று லஸ் பக்கத்து மாமாக்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். மாங்கொல்லையிலும் தி.நகர் முத்துரங்கன் சாலையிலும் கூட்டம் நடக்கும். வெற்றிகொண்டான், தீப்பொறி ஆறுமுகம் போன்றவர்கள் மைக்கைப் பிடித்தால் பக்கத்து வீட்டு மாமா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். பெண்களும் குழந்தைகளும் கேட்கக் கூடாதாம். சாத்தின ஜன்னலை ஒட்டியே நாற்காலியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை தான் கேட்பார். தலைவர் ராத்திரி தாமதமாக வந்து, சங்க இலக்கியத்தில் தொடங்கி, வணக்கம் சொல்லி முடிப்பார். வைவதற்கு ஒரு பிரிவு, வாழ்த்துவதற்கு ஒரு பிரிவு என்று வேலையைப் பிரித்து வைத்திருந்தார்கள். சட்டமன்றத்தில் பட்ஜெட் நாளிலேயே அடிதடி நடந்தது 1989 மார்ச் 25-ல். அப்போது அட்மினும் இல்லை, வாட்ஸ்அப்பும் இல்லை. அதே ஊரில்தான், 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, அரசியலில் பல்லாண்டு அவரோடு மல்லுக்கட்டிய பெரியார் சக்கர நாற்காலியில் வந்து தேம்பி அழுதார். இரண்டும் நம்மவர்கள் செய்ததுதான். இப்போது என்னவென்றால் தலைவர்களே ஜன்னல் சாத்தும் நேரத்துப் பேச்சையும் பேசிவிடுகிறார்கள். ஆள் மிச்சம்.

வியாதி மாடி ஏறி வந்துவிட்டது. மந்தைவெளியில் எங்கள் ஃபிளாட்டில் தண்ணீர் லாரிக் கணக்குக் கூட்டம். செயலாளர் முதல் மாடி மாமியைப் பார்த்து, "உங்காத்துல குளிக்கறாளா, தெப்பம் விடறாளா?" என்று கேட்டுவிட்டார். மாமி மன்னிப்புக் கேட்கச் சொன்னார். ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் அறிக்கை வந்தது: "என் பேச்சு திரித்துப் பரப்பப்படுகிறது. யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்." புண்பட்டிருந்'தால்'! எதிரில்தானே உட்கார்ந்திருந்தார் மாமி? மாமி உடனே பதில் போட்டார்: "மெயின்டனன்ஸ் பணம் பாக்கி இருந்தால் வருந்துகிறேன்." அந்தப் பணம் இன்னும் வரவில்லை.

சால்ஜாப்பு இல்லாமல் ஒப்புக்கொண்டவர் என்று நான் கை காட்டுவது ஒருவரைத்தான். ஜெயலலிதா அப்போலோ மருத்துவமனையில் இருந்தபோது, அம்மா இட்லி சாப்பிட்டார் என்று தினம் ஒரு செய்தி வரும். 2017 செப்டம்பரில் மதுரைக் கூட்டத்தில் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன், அப்படிச் சொன்னதெல்லாம் பொய், மன்னித்துவிடுங்கள் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். புண்பட்டிருந்தால் கிடையாது, வெட்டி ஒட்டினார்கள் கிடையாது. உண்மையை ஏன் அத்தனை மாதம் கழித்துச் சொன்னார் என்பது வேறு வழக்கு. மற்ற எல்லாரையும்விட அவரைத்தான் நாம் அதிகம் கேலி செய்தோம். இட்லி மீம் போடாத போனே தமிழ்நாட்டில் இருந்திருக்காது. 2021 தேர்தலில் திண்டுக்கல் மக்கள் அவரையே மறுபடியும் ஜெயிக்க வைத்தார்கள்.