நிபந்தனை ஜாமீனில் ஒரு விளையாட்டுப் பெட்டி

மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் பெருந்தன்மையை உலகம் கடைசிவரை புரிந்துகொள்ளவே இல்லை. 499 டாலரை வாங்கிக்கொண்டு எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற பெட்டியை நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ள அனுமதித்தார்களே, அது போதாதா? கரண்ட் பில் மட்டும் நம்முடையது. அதில் எப்போது விளையாடலாம், யாருக்கு இரவல் கொடுக்கலாம், எந்த நாட்டில் உட்கார்ந்து ஆடலாம் என்கிற தலைவலியையெல்லாம் அவர்களே ஏற்றுக்கொண்டார்கள்.

2013 ஜூன் 6 அன்று அந்தத் தலைவலிகளின் பட்டியலை எழுத்திலேயே வெளியிட்டார்கள். பெட்டி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையம் வழியாக கம்பெனியின் சர்வருக்கு ஆஜர் கொடுக்க வேண்டும். தவறினால் கேம் ஓடாது, டி.வி. பார்க்கலாம், படம் பார்க்கலாம். உங்கள் கேமை வேறொருவர் வீட்டுப் பெட்டியில் ஆடுகிறீர்களா? அங்கே கெடு ஒரு மணி நேரம்தான். கொலை வழக்கில் நிபந்தனை ஜாமீன் வாங்கியவன்கூட காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடலாம். அவன்மேல் எஃப்.ஐ.ஆர். ஒன்றாவது இருக்கிறது. இங்கே செய்த குற்றம், காசு கொடுத்து வாங்கியது.

எதற்கு இந்த ஆஜர்? டிஸ்கை ஒருமுறை போட்டால் கேம் முழுவதும் ஹார்டு டிஸ்கில் ஏறிவிடும். அதன்பிறகு டிஸ்க் தேவையில்லை என்பது திட்டம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கேமை ஏற்றிக்கொண்டு டிஸ்கை எவனுக்காவது விற்றுவிட்டால்? அந்த ஒரு சந்தேகத்துக்காகக் கோடிக்கணக்கான வீடுகளுக்குத் தினமும் ஆஜர் பட்டியல். யாரோ ஒருவன் திருடக்கூடும் என்பதால் ஊரையே வரிசையில் நிற்கவைக்கும் ஞானம் சாதாரணமாக வராது.

இரவல் விதி இன்னும் அழகு. கேமை நண்பனுக்குக் கொடுக்கலாம். வெளியிட்ட நிறுவனம் சம்மதிக்க வேண்டும். அந்த நண்பன் குறைந்தது 30 நாள் உங்கள் எக்ஸ்பாக்ஸ் நட்புப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். ஒரு கேமை ஒரே ஒருமுறைதான் கொடுக்க முடியும். கொடுத்தது கொடுத்ததுதான், அது இனி அவனுடையது. ஆடிவிட்டுத் திருப்பிக் கொடு என்று கடனாகத் தருவதற்கோ, வாடகைக்கு விடுவதற்கோ தொடக்கத்தில் வழியே கிடையாது. நட்பாராய்தல் என்று தனி அதிகாரமே பாடிவைத்த வள்ளுவருக்குக்கூட இந்த 30 நாள் கணக்கு தோன்றவில்லை. கூடப் பிறந்த அண்ணனாக இருந்தாலும் பட்டியலில் ஏறி ஒரு மாதம் ஆகாவிட்டால் அந்நியன்தான்.

நாடுகளுக்கும் ஒரு பட்டியல் இருந்தது. கேம்களை 21 நாடுகளில்தான் செயல்படுத்தி ஆடலாம் என்றார்கள். இந்தியா அதில் இல்லை, ஜப்பான் இல்லை. போலந்தும் இல்லை. தங்கள் மேடையில் பெருமையோடு காட்டிய ‘தி விட்சர் 3’ கேமை உருவாக்கியதே போலந்துக் கம்பெனிதான். அதாவது, சமைத்தவனுக்கே பந்தியில் இடமில்லை.

பெட்டியோடு கினெக்ட் என்ற கேமராவையும் கட்டாயமாகக் கட்டிக் கொடுத்தார்கள். அதைச் சொருகாமல் பெட்டி வேலை செய்யாது என்றார்கள். பெட்டி தூங்கினாலும் அதன் காது தூங்காது. நாம் எழுப்பும் குரலுக்காகக் காத்திருக்கும். அது எதைப் பார்க்கலாம், எதைக் கேட்கலாம் என்ற கட்டுப்பாடு உங்கள் கையில்தான் என்று அதே ஜூன் 6 அன்று கம்பெனி உறுதி சொன்னது. அதே ஜூன் 6 அன்றுதான் ஸ்னோடன் கொடுத்த ஆவணங்களை வைத்து அமெரிக்க உளவுத்துறையின் ‘பிரிஸம்’ திட்டத்தைப் பத்திரிகைகள் அம்பலப்படுத்தின. அந்த ஆவணத்தில் இருந்த கம்பெனிகளில் வரிசைப்படி முதல் பெயர், 2007-ஆம் ஆண்டு தேதியோடு, மைக்ரோசாஃப்ட். நாள் பார்த்துத்தான் அறிக்கை விட்டிருக்கிறார்கள்.

இணையம் இல்லாதவன் என்ன செய்வான்? பேட்டியில் இந்தக் கேள்வி வந்தபோது எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவர் டான் மேட்ரிக் தயங்கவே இல்லை. அவர்களுக்கும் எங்களிடம் ஒரு பொருள் இருக்கிறது, அதன் பெயர் எக்ஸ்பாக்ஸ் 360 என்றார். அது 2005-இல் வந்த பழைய பெட்டி. அணுசக்தி நீர்மூழ்கியில் வேலை பார்ப்பவர்களின் கஷ்டம் புரிகிறது என்று பரிவும் காட்டினார். நாட்டுக்காகக் கடலுக்கடியில் கிடப்பவனுக்கு எட்டு வருஷத்துப் பழைய சரக்கைக் கைகாட்டிவிட்டு அதற்குப் பரிவு என்று பெயர் வைக்க ஒரு தனி நெஞ்சு வேண்டும்.

இதற்கு முன்னோட்டமும் நடந்திருந்தது. அந்த ஏப்ரலிலேயே கம்பெனியின் கிரியேட்டிவ் டைரக்டர் ஒருவர், எல்லாமே எப்போதும் இணையத்தில்தான் இருக்கிறது, இதில் என்ன கூப்பாடு, பழகிக்கொள்ளுங்கள் என்ற தொனியில் ட்விட்டரில் எழுதினார். கம்பெனி மன்னிப்புக் கேட்டது. அவர் வேலையை விட்டுப் போனார். இரண்டு மாதத்தில் அவர் சொன்னதே கொள்கையாக வந்தது. ஆக, அவர் செய்த குற்றம் பொய் சொன்னதல்ல. உண்மையைச் சீக்கிரம் சொன்னது.

வாங்கியதை விற்க உரிமை தரும் சட்டம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். ஒரு நாவலை ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக்கூடாது என்று புத்தகத்திலேயே அச்சடித்து வைத்தது ஒரு பதிப்பகம். மேசிஸ் கடைக்காரர்கள் அதை 89 சென்டுக்கு விற்றார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒருமுறை விற்றுவிட்டால் அந்தப் பிரதியை அடுத்தவர் என்ன விலைக்கு விற்கிறார் என்று கட்டுப்படுத்தப் பதிப்பகத்துக்கு உரிமை இல்லை என்று 1908-இல் தீர்ப்பு வந்தது. நூறு வருஷத்துக்கு மேலாகப் பழைய புத்தகக் கடைகள் நடப்பது இந்த நியாயத்தில்தான். விளையாட்டுக் கம்பெனிகள் இதை மீறவில்லை. மீற வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டன. டிஸ்க் உன்னுடையது, தாராளமாக விற்றுக்கொள். அதற்குள் இருப்பதைத் திறக்கும் உரிமம் மட்டும் எங்களுடையது. தேங்காயை நீ வைத்துக்கொள்ளலாம்; ஓடு உன்னுடையதுதான்.

ஜூன் 10 மாலை, லாஸ் ஏஞ்சலீஸில் போட்டிக் கம்பெனியான சோனி மேடை ஏறியது. அதன் அதிகாரி ஜாக் டிரெட்டன் சொன்னது புரட்சி ஒன்றுமில்லை. பிளேஸ்டேஷன் 4-இல் பழைய கேம்களுக்குப் புதுத் தடை கிடையாது. டிஸ்கை விற்கலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம், காலமெல்லாம் வைத்துக்கொள்ளலாம். 24 மணி நேர ஆஜர் கிடையாது. அதாவது, நேற்றுவரை எப்படி இருந்ததோ அப்படியே. அதற்கு அரங்கம் அதிர்ந்தது. விலை 399 டாலர் என்றதும் கூரை பறந்தது. சோனி ஒரு வீடியோவும் போட்டது. அரை நிமிடம்கூட ஓடாது. கேமைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்று தலைப்பு, இரண்டு அதிகாரிகள் நிற்கிறார்கள், ஒருவர் கையிலிருந்த கேம் பெட்டி மற்றவர் கைக்குப் போகிறது, நன்றி, முடிந்தது. உலகம் வயிறு குலுங்கச் சிரித்தது.

சிரித்த சத்தத்தில் ஒன்று காதில் விழாமல் போயிற்று. பிளேஸ்டேஷன் 3-இல் இணையத்தில் மற்றவர்களோடு சேர்ந்து ஆடக் காசு கிடையாது. பிளேஸ்டேஷன் 4-இல் அதற்குச் சந்தா கட்ட வேண்டும். அதே நாளில், அதே அரங்கில்தான் இதுவும் வந்தது. பிடுங்காமல் விட்டதற்குக் கைதட்டிக்கொண்டே பிடுங்கியதற்குப் பர்ஸைத் திறந்தோம்.

ஜூன் 19. மைக்ரோசாஃப்ட் தன் விதிகளை வாபஸ் வாங்கியது. 24 மணி நேர ஆஜர் போச்சு, இரவல் தடை போச்சு. கூடவே, குடும்பத்தில் பத்துப் பேர் கேம்களைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றிருந்த ஒரே உருப்படியான வசதியையும் தூக்கிவிட்டார்கள். எங்கள் நிபந்தனை வேண்டாம் என்றாயே, சலுகையும் கிடையாது போ. மேட்ரிக் ‘ஜிங்கா’ கம்பெனிக்குத் தலைமை அதிகாரியாகப் போகிறார் என்று ஜூலை 1-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. 13 நாளில் ராட்சதனை மண்டியிட வைத்துவிட்டோம் என்று ஜனங்கள் கொண்டாடினார்கள்.

கொண்டாடிய கைகளுக்குப் பிறகு வந்த கணக்கு இது. 2019-இல் டிஸ்க் போடும் வாயே இல்லாத எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ். 2020-இல் மைக்ரோசாஃப்டும் சோனியும் ஆளுக்கொரு வாயில்லாப் பெட்டி. 2024-இல் பிளேஸ்டேஷன் 5 ப்ரோ 699 டாலர். டிஸ்க் டிரைவ் வேண்டுமென்றால் தனியாக வாங்கிக்கொள். டிஸ்கே இல்லாதவன் எதை விற்பான், எதை இரவல் கொடுப்பான்? 30 நாள் நண்பனுக்கு ஒருமுறை கொடுக்கலாம் என்ற அந்த அவமானகரமான விதிகூட இன்று தாராளமாகத் தெரிகிறது. வீடியோவில் சிரித்துக் கைமாற்றிய சோனிக்கும் இப்போது கைமாற்ற ஒன்றுமில்லாத பெட்டியில்தான் லாபம்.

2025-இல் நின்டெண்டோவின் முறை. ஸ்விட்ச் 2-க்கு வரும் கேம்களில் ஒரு வகைக்குக் கார்டு உண்டு. கார்டுக்குள் கேம் கிடையாது. இறக்கிக்கொள்ள அனுமதிக்கும் சாவி மட்டும் இருக்கும். விதிகளை மீறினால் பெட்டியையே நிரந்தரமாகப் பயனற்றதாக்கலாம் என்று ஒப்பந்தத்திலும் எழுதிவைத்தார்கள். ஏப்ரலில் அவர்களின் நேரலையில் ‘விலையைக் குறை’ என்ற கூச்சல் மழையாகக் கொட்டியது. ஜூனில் பெட்டி வந்தது. நான்கு நாளில் 35 லட்சம் விற்றது. அந்தக் கூச்சலை நின்டெண்டோ பதில் சொல்லத் தேவையில்லாத ஒன்றாக எடுத்துக்கொண்டதில் என்ன தப்பு?

யூபிசாஃப்ட் 2014-இல் விற்ற ‘தி க்ரூ’ கேமின் சர்வரை 2024 மார்ச் 31-இல் அணைத்தது. தனியாக ஆடுவதற்கும் அந்தச் சர்வர் வேண்டும் என்பதால் முழுக் காசு கொடுத்தவன் கையில் வெறும் டிஸ்க் மிஞ்சியது. இதைக் கேட்டுக் கிளம்பிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்துத் திரட்டியது. அவர்கள் இலவசம் கேட்கவில்லை. சர்வரை நிறுத்தும்போது கேமை ஓடும் நிலையில் விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். அப்படிச் செய்தால் தயாரிப்புச் செலவு கட்டுப்படியாகாது என்று பதில் சொல்கிறது கம்பெனிகளின் சங்கம். திருடாமல் இருந்தால் தனக்கு எவ்வளவு நஷ்டம் என்று திருடனும் தாள் தாளாகக் கணக்குக் காட்டலாம். அதைப் படித்து உச்சுக்கொட்ட நாம் என்ன அவனுடைய பங்குதாரர்களா, பறிகொடுத்தவர்களா?