ஊர் முடங்கிய சித்திரை

"சித்திரை வந்தா நாலு நாளு ஊரே முடங்கிப்போகுதுப்பா" என்று 1985-ல் மதுரையில் அப்பாவிடம் கத்தினேன். பரீட்சைக்குப் போகிற பஸ் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கோரிப்பாளையத்தைத் தாண்டவில்லை. அப்பா நிமிரவே இல்லை. ஆட்டுத்தோல் பையின் வாயில் பித்தளைக் குழாயைச் செருகி, நூலைப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டிருந்தார். தைத்து முடித்ததும் தண்ணீர் ஊற்றி அக்குளில் இடுக்கி ஒரு அழுத்து. எதிர்ச்சுவர் வரை பீறிட்டால்தான் துருத்தி, வைகையில் இறங்கும் அழகர் பெருமாள் மேல் தண்ணீர் பீய்ச்ச ஆகும். தையலில் கசிந்தால் பிரித்து மறுபடி தைப்பார்.

வீடு நிறைய உசிலம்பட்டிச் சொந்தங்கள். மாட்டுவண்டியை வைகை மணலில் அவிழ்த்துவிட்டு, பிள்ளைக்கு மொட்டை போட்டு, செம்பில் சர்க்கரை நிரப்பிச் சூடம் ஏற்றிக் காத்திருப்பார்கள். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, தேனூருக்குப் போன அழகரை மதுரைக்கு வரவழைத்தவர் திருமலை நாயக்கர் என்பார்கள். அதனால்தான் சித்திரைத் தேர் இன்னும் மாசி வீதிகளில் ஓடுகிறது. பட்டிக்காட்டுச் சம்சாரியையும் டவுன் வியாபாரியையும் ஒரே மணலில் நிறுத்திய அந்த ஏற்பாட்டின் அருமை அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

2020-ல் தெரிந்தது. கொரோனா. மே 4-ஆம் தேதி நாலைந்து குருக்களோடு கோயிலுக்குள்ளேயே மீனாட்சி கல்யாணம் நடக்க, என் மனைவி டிவி முன்னால் உட்கார்ந்து தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாள். அழகர் மலையை விட்டு இறங்கவில்லை, மறுவருஷமும் இல்லை. அப்பாவிடம் தொழில் பழகியவர் வீட்டில் வாங்கிப்போட்ட தோல் விறைத்துக் கிடந்தது. கிராமத்துக்காரர்கள் வள்ளி திருமணம் நாடகத்துக்கு ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் பேசி முடிக்க வரும் சுண்ணாம்புக்காரத் தெருவில் ஆளே இல்லை. விடிய விடிய அரிச்சந்திரனாகப் பாடிய ஒருவர் எங்கள் தெருவில் கீரை விற்றார். விலை சொல்லும்போதும் அந்தக் குரல் கணீரென்றுதான் இருந்தது. அதைக் கேட்கத்தான் பொறுக்கவில்லை. ஊர் முடங்குவது என்றால் என்னவென்று அந்த இரண்டு சித்திரையில்தான் பார்த்தேன்.

கலையை ஊர் நடுவே கொண்டுவரும் முயற்சி சென்னையிலும் நடந்தது. 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமம் கலைவிழா கரகத்தையும் பறையையும் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் மேடைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தால் மட்டும் ஒரு ஊர் பிழைத்துக்கொள்ளாது. தோல் தைக்க, மண்டகப்படியில் பந்தல் போட, நீர்மோர் ஊற்ற என்று ஆளுக்கு ஒரு வேலை இருக்க வேண்டும்.

2022-ல் அழகர் மறுபடி வந்தார். அந்த நெரிசலில் இரண்டு உயிர் போனது இன்னும் உறுத்துகிறது. ஊரைப் பிழைக்க வைக்கிற கூட்டத்துக்கு நிற்க இடமும் ஒதுங்க வழியும் செய்து கொடுப்பது நகரத்தின் கடமை.

அந்த வருஷமும் பஸ் கோரிப்பாளையத்தைத் தாண்டவில்லை. இறங்கி நடந்தேன். பக்கத்தில் ஒரு பையனின் துருத்தி தையலில் கசிந்துகொண்டிருந்தது. வாங்கி, நூலைப் பல்லால் கடித்து, இறுக்கிக் கொடுத்தேன்.