பின்னட்டைப் புலவர்

பண்ணைக்காட்டில் விளைவது காப்பி. கடையில் விற்பது டீ. இதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டு பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குத்தான் நம் புலவரின் தரிசனம் கிடைக்கும். அறுபதைத் தாண்டியவர். மூன்று ஏக்கர் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, ஊடே மலைவாழை, வேலியோரம் நாலு ஆரஞ்சு. இதெல்லாம் பிழைப்பு. உத்தியோகம் என்ன என்று கேட்டால், எஸ்.பி. பாலசுப்பிரமணியம்.

பாட்டைக் கேட்கிறவன் ரசிகன். இவர் பாட்டைப் படிக்கிறவர். இசைத்தட்டு உறையின் முன்பக்கத்தில் கதாநாயகனும் நாயகியும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நிற்பார்கள், அது பாமரர்களுக்கு. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பாட்டு, பாடியவர், எழுதியவர், இசை, கம்பெனி, தட்டு எண். அதுதான் புலவருக்குத் தேவாரம். எச்.எம்.வி.யா, இன்ரீகோவா, எக்கோவா? 45 சுற்றா, 33 சுற்றா? முதல் பக்கமா, இரண்டாம் பக்கமா? ஒரு பாட்டைச் சொன்னால் ராகத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்து வந்த வெளியூர்க்காரர்கள் உண்டு. அவர் தட்டு எண்ணைச் சொல்லி அனுப்பினார்.

அவரிடம் இருநூறு தட்டுக்கு மேல் இருந்தது. இறந்தகாலத்தில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த மலையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். துணி காயாது, உப்பு கசியும், தட்டு உறைகளில் பூஞ்சை பூக்கும். ஒரு தை மாதம், நல்ல வெயில் அடித்த நாளில், காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்த களத்தில் அவர் மனைவி நல்லெண்ணத்தோடு தட்டுகளையும் பரப்பிவிட்டார். கொட்டையைக் கிளறிய கையோடு தட்டுகளையும் ஒருமுறை திருப்பிப் போட்டாராம், இரண்டு பக்கமும் காயட்டும் என்று. சாயங்காலம் பார்த்தால் களம் முழுக்கக் கறுப்பு அப்பளம். அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். புலவர் ஒவ்வொரு தட்டாக எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “பரவாயில்ல, நம்பரு அழியல” என்றார்.

அவருடைய பக்தி எந்தத் தெய்வத்தின்மேல் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. ரெக்கார்ட் பிளேயரின் முள் தேய்ந்துபோய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது என்பது பிறகு தெரிந்தது.

புலவர் என்றால் எதிர்ப்புலவர் வேண்டுமல்லவா? ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். முறைக்கு மருமகன். புலவர் பாடகர் கட்சி, வாத்தியார் இசையமைப்பாளர் கட்சி. இன்னும் துல்லியமாகச் சொன்னால் இளையராஜா கட்சி. இருவருக்கும் நடுவில் மைக்செட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். “நீங்க என்ன வேணா சொல்லுங்கண்ணே, குழாய் சரியில்லைன்னா ரெண்டு பேரும் ஒண்ணுதான்” என்பது அவருடைய நிலையான தீர்ப்பு. அதை யாரும் மதிப்பதில்லை. எனக்கென்னவோ அது ஒன்றுதான் அனுபவத்தில் பிறந்த கருத்து என்று தோன்றும்.

அடிவாரத்து வத்தலக்குண்டு, 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய சி.சு. செல்லப்பாவின் ஊர். விமர்சனம் என்ற சரக்கு அங்கிருந்து பஸ் பிடித்து மலையேறியிருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

“பாலு பாடினாரு, சரி. பாட வச்சது யாரு மாமா?” என்று வாத்தியார் ஆரம்பிப்பார்.

“பாட வச்சது தொண்டை.”

“தொண்டை எல்லாருக்குந்தான் இருக்கு.”

“ஆர்மோனியமும் எல்லார் வீட்டுலயுந்தான் இருக்கு மாப்ள.”

வாதம் முற்றினால் பழனிக்குப் போய்விடும். இந்த மலைகளின் வாழைக்குப் பஞ்சாமிர்தத்தோடு பழைய சொந்தம் உண்டு. ஒருநாள் வாத்தியார் கேட்டார்: “பஞ்சாமிர்தத்துல பழம் பெருசா, பிசையிற கை பெருசா?”

“பழம் இல்லைன்னா கை எதைப் பிசையும்? விரலையா?”

“நம்ம தோட்டத்துலயுந்தான் பழம் தொங்குது மாமா. உரிச்சு வாயில போடுங்க. பஞ்சாமிர்தம் ருசிக்குதான்னு பாப்போம்.”

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்: “பழனியில இப்ப மிஷினுதாண்ணே பிசையுது.”

“அது ரகுமான் காலம்!” என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். இருபது வருஷ வாதத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான். 2019இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அதுவும் பழையபடி இரண்டாகிவிட்டது. பழத்துக்குக் கிடைத்த மரியாதை என்றார் புலவர். பக்குவத்துக்குக் கிடைத்தது என்றார் வாத்தியார்.

புலவரின் கையில் ஒரு பிரம்மாஸ்திரம் உண்டு. சினிமாவில் நிலைப்பதற்கு முன் பாலசுப்பிரமணியம் ஒரு மெல்லிசைக் குழு நடத்தினார். அதில் கிதாரும் ஆர்மோனியமும் வாசித்தவர்களில் ஒருவர் இளையராஜா. அண்ணன் பாஸ்கரும் தம்பி கங்கை அமரனும்கூட அந்தக் குழுவில்தான். “அப்ப முதலாளி யாரு, வேலைக்காரன் யாரு?” என்று புலவர் கேட்கும்போது அவர் முகத்தில் காப்பிக்கு நல்ல விலை வந்த களை இருக்கும். வாத்தியார் அசர மாட்டார். “அந்தக் குழு போட்ட தட்டு ஒண்ணு சொல்லுங்க மாமா, நம்பரோட.” புலவருக்கு வேர்த்துவிடும். தட்டு இல்லாத சங்கீதத்தைப் பற்றி அவரால் ஒரு வார்த்தை பேச முடியாது.

முதல் பாட்டு எது என்ற கேள்வியைப் பண்ணைக்காட்டில் கேட்கிறவர்கள் கடைசி பஸ்ஸைத் தவறவிடத் தயாராக வர வேண்டும். தமிழில் பாலுவின் முதல் பாட்டு ‘அடிமைப் பெண்’ என்று ஊர் உலகம் சொல்லும். 1969. இசை கே.வி. மகாதேவன். படத்தின் தயாரிப்பாளரும் எம்.ஜி.ஆர்.தான், புதுப் பையன் காய்ச்சலில் படுத்தபோது வேறு ஆளைத் தேடாமல் அவன் எழுந்து வரும்வரை பாட்டை நிறுத்தி வைத்தார் என்பதைப் பாலுவே மேடைதோறும் சொல்லியிருக்கிறார். ஆனால் ‘சாந்தி நிலையம்’ பாட்டை அதற்கு முன்பே எம்.எஸ். விஸ்வநாதனுக்குப் பாடிவிட்டார், படம்தான் சற்றுப் பிந்தியது. அதற்கும் முன்னால் ‘ஓட்டல் ரம்பா’ என்ற படத்துக்கு எல்.ஆர். ஈஸ்வரியோடு பாடினார், அந்தப் படம் வரவே இல்லை. வெளிவந்ததில் முதலா, பதிவானதில் முதலா, வராமலே போனதில் முதலா? புலவரின் ஓட்டு எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. ஊரில் யார் காதிலும் விழாத பாட்டுக்குத்தான் அவர் உயிரை விடுவார். “அதுல ஒரு சங்கதி வரும் பாருங்க” என்றுகூட ஒருமுறை சொல்லிவிட்டு, உடனே டீயைக் குடித்துச் சமாளித்தார்.

கணக்கு வாத்தியாருக்குப் பிடித்த ஆட்டம் விருதுகள். பாலுவுக்கு ஆறு தேசிய விருது. விரலை மடக்குவார். ‘சங்கராபரணம்’, கே.வி. மகாதேவன். ‘ஏக் துஜே கே லியே’, லட்சுமிகாந்த்–பியாரேலால். ‘சாகர சங்கமம்’, இளையராஜா. ‘ருத்ரவீணா’, இளையராஜா. கன்னடத்தில் பஞ்சாட்சர கவாயி படம், அம்சலேகா. ‘மின்சார கனவு’, ரகுமான். “ஆறுல ரெண்டு ராஜா. வேற யாருக்காவது ரெண்டு இருக்கா?”

“ஆறுலயும் பாலு இருக்காரே மாப்ள” என்பார் புலவர்.

இதற்கு வாத்தியாரிடம் பதில் இல்லை. ஒருமுறை பெங்களூரிலிருந்து பொங்கலுக்கு வந்திருந்த புலவரின் தம்பி மகன், “தமிழ்ப் பாட்டுக்குன்னு கிடைச்சது ஒண்ணே ஒண்ணுதானே பெரியப்பா? அதுவும் ரகுமான் பாட்டுதானே?” என்று வாயைக் கொடுத்தான். இருவரும் அவன் பக்கம் திரும்பிய வேகத்தில் பெஞ்ச் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.

அந்தப் பையன்தான் ‘ஆல்பம்’ என்ற சொல்லைக் கொண்டுவந்து போட்டவன். எங்கள் பக்கம் ஆல்பம் என்றால் கல்யாண போட்டோ. “பாலுவோட பெஸ்ட் ஆல்பம் எது பெரியப்பா?” என்று அவன் கேட்க, புலவர் யோசித்துவிட்டு, “அவரு கல்யாணத்துக்கு நான் போகல” என்றார். பையன் விளக்கினான்: வெளிநாட்டில் ஒரு பாடகர் பத்துப் பாட்டைச் சேர்த்துத் தட்டு போடுவார், அதற்கு ரெக்கார்ட் புரொடியூசர் என்று ஒருவர் இருப்பார், பீட்டில்ஸுக்கு ஜார்ஜ் மார்ட்டின், மைக்கேல் ஜாக்சனுக்கு 1982இல் ‘திரில்லர்’ செய்து கொடுத்த குவின்சி ஜோன்ஸ். புரொடியூசர் என்றால் காசு போடுகிறவர் என்பது பெஞ்சில் இருந்தவர்களின் ஏகமனதான கருத்து. “அந்தாளு காசும் போட மாட்டாரு, பாடவும் மாட்டாரு, பாட்டும் எழுத மாட்டாரு. பெறகு அங்க என்னதான் செய்வாரு?” என்று மைக்செட்டுக்காரர் கேட்டார்.

“பக்கத்துல உக்காந்து இது சரி, இது சரியில்லைன்னு சொல்வாரு அண்ணே.”

“அடப்பாவமே. அதைத்தானய்யா இவங்க ரெண்டு பேரும் ஓசியில செய்யுறாங்க!”

வெளியூர்ப் பயணிகளால் வருகிற தொல்லை வேறு. கொடைக்கானலுக்கு வந்தவர்கள் வழிகாட்டிப் பலகையில் ‘பண்ணை’ என்ற முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பி, “இளையராஜா வீடு எந்தத் தெரு?” என்று கேட்டு வருவதுண்டு. அவர் பண்ணைப்புரம்; தேனி மாவட்டம், உத்தமபாளையம் பக்கம். இது பண்ணைக்காடு, திண்டுக்கல் மாவட்டம். பாலு கட்சிக்காரரான புலவர் இதைக் கறாராகச் சொல்லி அனுப்புவார். வாத்தியார் கையில் அகப்பட்டால் கதையே வேறு. “வீடு அங்கதான். ஆனா ரெண்டு ஊருக்கும் மழை ஒண்ணு” என்று பதமாக இழுத்து, ஒரு டீ வாங்கிக் கொடுக்க வைத்துவிடுவார்.

2017 மார்ச்சில் பெஞ்ச் உடைந்தது. அமெரிக்காவில் கச்சேரி நடத்திக்கொண்டிருந்த பாலுவுக்கு, தன் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ். இனி அந்தப் பாட்டுகளைப் பாடப் போவதில்லை என்று பாலு அறிவித்துவிட்டார். மறுநாளிலிருந்து புலவர் கடையின் இந்தக் கோடியில், வாத்தியார் அந்தக் கோடியில். நடுவில் மைக்செட்டுக்காரர் வாழைத்தார் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தார். வாத்தியாரின் பேத்தி காதுகுத்துக்குப் புலவர் மொய் எழுதினார், சாப்பிடாமல் வந்தார். காப்புரிமைச் சட்டத்தைப் பற்றி இருவரும் பேசியதைச் சட்டக் கல்லூரியில் சொன்னால் கல்லூரியை மூடிவிடுவார்கள். 2019இல் அந்தப் பெரியவர்கள் இருவரும் சென்னையில் ஒரே மேடையில் ஏறிப் பாடிவிட்டார்கள். பண்ணைக்காட்டில் பெஞ்சின் இரண்டு கோடிகள் சேர இன்னும் நாலு மாதம் பிடித்தது. வாத்தியார் முதலில் வந்து உட்கார்ந்தாரா, புலவர் நகர்ந்து இடம் விட்டாரா என்பது இன்றுவரை தீராத வழக்கு.

பாலு மறைந்த 2020 செப்டம்பர் 25 அன்று கடையில் பேச்சே இல்லை. டீக்கு யாரும் காசு கொடுக்கவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் வாத்தியார்தான் மெதுவாக ஆரம்பித்தார். “நாப்பதாயிரம் பாட்டுங்கிறாங்களே மாமா. 66 டிசம்பர்ல தெலுங்குல முதல் பாட்டு. அம்பத்துநாலு வருஷம்னு வச்சாலும் இருபதாயிரம் நாளு வராது. தினம் ரெண்டு பாட்டு, தீபாவளி பொங்கல் லீவு இல்லாம. நடக்குமா?” புலவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கன்னடத்தில் உபேந்திர குமாருக்கு ஒரே நாளில் 21 பாட்டுப் பாடினார் என்று சொல்வார்களே, அதை எடுத்து வீசினார். வாத்தியார் வேண்டுமென்றேதான் வம்பிழுத்தார் என்பது கடையில் எல்லோருக்கும் தெரிந்தது, புலவரைத் தவிர.

போன கார்த்திகையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சாயங்காலம். எதிர்க்கடை தெரியாத அளவுக்கு மேகம். ஊத்துப் பக்கமிருந்து வரவேண்டிய பஸ் வரவில்லை. கடை ரேடியோவில் கொடை பண்பலை, 100.5, மலைமேல் நின்று பாடுவதால் தென்மாவட்டங்கள் பலவற்றுக்கும் கேட்கிற நிலையம். ஏதோ ஒரு பாட்டு பாதியில் வந்தது. அன்றைக்கு என்னவோ யாரும் பேசவில்லை. புலவர் கண்ணை மூடிக் கேட்டார்; நான் பார்க்க அவர் ஒரு பாட்டைக் காது கொடுத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. சரணம் முடிகிற இடத்தில் கையை உயர்த்தினார்.

“அந்த மூச்சை எங்க எடுக்குறாரு பாத்தீங்களா? எடுத்ததே தெரியல. பாலுவத் தவிர எவனுக்கு வரும் இது?”

பாட்டு முடிந்தது. அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொன்னார். இசை இளையராஜா என்றார். பாடியவர் மனோ என்றார்.

கடைக்காரரின் கரண்டி டம்ளருக்குள் அப்படியே நின்றது. ஆந்திரத்திலிருந்து நாகூர் பாபுவாக வந்து, 1980களின் பிற்பாதியில் ராஜாவின் இசையில் தமிழுக்கு மனோ ஆன அந்தக் குரலைக் கேட்டு ஏமாறாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. ஆனால் இது புலவர். வாத்தியாரின் மடியில் இருபது வருஷத்துக்கான வெடிமருந்து வந்து விழுந்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் டீயை ஒரு வாய் குடித்தார்.

“ரேடியோவுல பேரை மாத்திப் படிச்சுட்டாங்க மாமா” என்றார். “பின்னட்டையப் பாத்தாத் தெரிஞ்சிரும்.”

புலவர் தலையை ஆட்டினார்.

“இல்ல மாப்ள. பின்னட்டையிலயும் மனோதான். ரெண்டாம் பக்கம், மூணாவது பாட்டு.”

“தெரிஞ்சுமா பாலுன்னீங்க?”

“பேரு முப்பது வருஷமாத் தெரியும்” என்றார் புலவர். “பாட்ட இன்னைக்குத்தான கேக்குறேன்.”