பொருந்தாத எழுத்து

கேள்வி: புற்றுநோய் ஆராய்ச்சி செய்யும் என் மகள், நோயாளியையே பாராமல் நாள் முழுதும் கணினி முன் உட்கார்ந்திருக்கிறாளே, இது என்ன உத்தியோகம்?
— ஒரு தாயார், ஜொகூர் பாரு

பதில்: அம்மணி, நோயாளியின் இரத்தத்திலும் கட்டியிலும் உள்ள 300 கோடி எழுத்துக்களாலான மரபணு ஏடுகளை இரு ஜாதகங்கள்போல் அருகருகே வைத்து, நாம் பொருத்தம் தேடுவதற்கு மாறாக, எந்த எழுத்து பொருந்தவில்லை என்று தேடும் புண்ணிய காரியம் அது. சுபாங் ஜெயாவின் கேன்சர் ரிசர்ச் மலேசியா நிலையத்தார் 560 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவில், ஐரோப்பிய வம்சத்தாரைவிட இந்நாட்டுப் பெண்மணிகளிடம் டிபி53 என்னும் காவல் மரபணு அதிகமாய்ப் பழுதுற்றிருப்பதும், நோயெதிர்ப்பு அணுக்களின் நடமாட்டம் மிகுந்திருப்பதும் புலனாயின; மேனாட்டு அளவையே பிரமாணமாகக் கொண்டிருந்தால் இவை தெரிந்திரா. நள்ளிரவிலும் அவள் விழித்திருந்தால், ஒரு குவளை கோப்பி கொண்டுபோய்க் கொடுங்கள்.