ஒற்றைப் பை ஊழியமும் மூவடி விதியும்: திருக்கோவிலூரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

“எனக்கென்னங்க, ஒரு பை போதும். பிளக் பாயிண்ட் இருக்கிற இடமெல்லாம் ஆபீஸ்தான்” என்று சொல்வோர் தொகை 2020 ஊரடங்குக்குப் பிறகு நாட்டில் பெருகிவிட்டது. அந்தப் பையைத் திறந்து பார்த்தால் மடிக்கணினி, சார்ஜர், ஹெட்செட், பவர் பேங்க், தண்ணீர் பாட்டில் இருக்கும். மேசை இல்லை, நாற்காலி இல்லை, மின்விசிறி இல்லை, சோறும் இல்லை. இத்தனையும் இல்லாமல் ஒருவர் நாள் முழுக்க வேலை பார்த்து மாதக் கடைசியில் சம்பளமும் வாங்குகிறார் என்றால், பையில் இல்லாத அந்தப் பொருள்கள் எங்கேதான் இருக்கின்றன? இவ்வினாவை இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் கேட்காததால் நாம் கேட்க நேர்ந்தது.

கருதுகோள் வருமாறு: பையில் குறையும் எடை உலகத்தில் குறைவதில்லை. அது யாரோ ஒருவர் தலைக்கு மாறிவிடுகிறது.

2. களத் தேர்வு

இத்தகைய ஆய்வுகளுக்குப் பாலித் தீவையும் கோவாவையும் களமாகக் கொள்வது வழக்கம். நாம் தென்பெண்ணையின் தென்கரையிலுள்ள திருக்கோவிலூரைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, இடம் போதாமை பற்றி இவ்வூருக்கு உள்ள அனுபவம் வேறெந்த ஊருக்கும் இல்லை. இரண்டாவது, இவ்வூரின் ரயில் நிலையமே தொலைவிலிருந்து பணியாற்றுகிறது. ‘திருக்கோவிலூர்’ என்று பெயர்ப்பலகை தாங்கிய அந்த நிலையம் ஆற்றைத் தாண்டி வடகரையில், அரகண்டநல்லூரில் இருக்கிறது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு ஊர் ஒரு மாவட்டத்திலும் நிலையம் விழுப்புரம் மாவட்டத்திலும் ஆகிவிட்டன. ஆனாலும் பணி தடையின்றி நடக்கிறது. மூன்றாவது காரணம், பேருந்துக் கட்டணம் ஆய்வாளருக்குக் கட்டுப்படியாவது.

3. முன்னோர் ஆய்வுகள்

3.1. இடைகழி. மழை இரவில் பொய்கையாழ்வார் இவ்வூரில் ஓர் ஆசிரமத்தின் இடைகழியில் ஒதுங்கினார். அது ஒருவர் படுக்கிற இடம். பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டியதும் இருவர் இருக்கிற இடமாயிற்று. பேயாழ்வார் வந்ததும் மூவர் நிற்கிற இடமாயிற்று. பணியிட அளவு குறித்து உலகில் வகுக்கப்பட்ட சூத்திரங்களில் இதைவிடச் சுருக்கமானது இல்லை. சதுர அடிக் கணக்கே இதில் கிடையாது. ஆள் கூடக்கூட உடம்பின் நிலை மாறுகிறது, அவ்வளவுதான். நான்காவதாக ஒருவர் நெருக்கினார் என்றும், அவர் பெருமாளே என்றும் வைணவ மரபு கூறும்.

ஆய்வாளர் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பயணம் வந்த மூவரில் ஒருவர்கூட விளக்கு எடுத்து வரவில்லை. ஆளுக்கு நூறு பாடலாக மூன்று திருவந்தாதிகள் கிடைத்ததற்கு அந்த இருட்டும் ஒரு காரணம் என்பதால், பையில் டார்ச் இல்லாததைக் குறையாகச் சொல்வதற்கில்லை. இரண்டு, முதலில் படுத்திருந்தவர் எழுந்து உட்காராவிட்டால் இந்தச் சூத்திரமே பிறந்திருக்காது. பிந்தைய அறிஞர்கள் இடைகழியின் அளவையே விவாதித்துப் பொய்கையார் எழுந்ததைப் போதிய அளவு பாராட்டவில்லை என்பது நம் குறை.

3.2. கபிலர். சங்கப் புலவர். அலுவலகமும் வருகைப் பதிவேடும் இல்லாமல் பறம்பில் பாரியிடமும், கோவலூர் எனப்பட்ட இவ்வூரில் மலையமான் திருமுடிக்காரியிடமும், சேரநாட்டில் செல்வக்கடுங்கோ வாழியாதனிடமும் பணியாற்றியவர். ஊதியம் பற்றிப் பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்துப் பதிகம் தரும் தகவல் இக்காலத்துத் தனித்தொழிலர்களைக் கண்கலங்க வைக்கும்: நூறாயிரம் காணம் பொன், அதற்கு மேல் நன்றா என்னும் குன்றின்மேல் ஏறி நின்று கண்ணில் பட்ட நாடெல்லாம். இன்றைய ஒற்றைப் பை ஊழியர் மொட்டை மாடியில் ஏறி நிற்பது சிக்னலுக்காக மட்டுமே. பாரி மகளிரை மலையமான் குடியில் சேர்த்த பின் கபிலர் இங்கே தீப்புகுந்தார் என்று கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள ராசராசன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. பெண்ணையாற்று நடுவில் நிற்கும் பாறை இன்றும் கபிலர் குன்று என்றே வழங்குகிறது. எடுத்த பொறுப்பை முடிக்காமல் இடத்தைக் காலி செய்யக் கூடாது என்பது இதிலிருந்து பெறப்படும்.

3.3. முத்தநாதன். திருக்கோவிலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரிடம் அடியார் வேடத்தில் வந்தவன். கையில் ஒரே ஒரு சுவடிக் கட்டு. ஆகமம் ஓத வேண்டும், அரசி உடனிருக்கக் கூடாது, தனிமை வேண்டும் என்றான். கட்டுக்குள் இருந்தது ஆயுதம். சிறிய பை என்பதால் நல்ல பை என்று நம்பிவிடக் கூடாது என்பதற்குப் பெரியபுராணத்தைவிடப் பழைய எச்சரிக்கை தேட வேண்டியதில்லை.

3.4. வேங்கடராமன். பின்னாளில் ரமண மகரிஷி. 1896 ஆகஸ்ட் 29 அன்று மூன்று ரூபாயோடு மதுரையை விட்டபோது வயது 16. மாம்பழப்பட்டு வரை ரயில், பிறகு நடை. அரகண்டநல்லூர்க் கோயிலைக் கண்டு, ஆற்றைக் கடந்து கீழையூர் வந்தார். முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் காதுக் கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்றார். மீட்கிற எண்ணம் இல்லாததால் அடகுச் சீட்டைக் கிழித்துப் போட்டார். செப்டம்பர் 1 அன்று ரயிலேறித் திருவண்ணாமலை சேர்ந்ததும் மிச்சக் காசையும் பலகாரப் பொட்டலத்தையும் விட்டெறிந்தார். எளிமையின் எல்லை இது. இதற்கு மேல் பையைக் குறைக்க முடியாது, ஏனெனில் பையே இல்லை. ஆனால் அந்தப் பலகாரம் யார் தந்தது? பாகவதர் வீட்டு அம்மாள். பசித்து வந்த பிள்ளைக்குச் சோறும் போட்டு, வழிக்குப் பொட்டலமும் கட்டிக் கொடுத்தார். கருதுகோளுக்கு முதல் வலுவான சான்று இங்கே கிடைத்துவிட்டது.

4. கருவியியல்

1981இல் வந்த ஆஸ்போர்ன் 1 என்னும் கணினியைக் கையில் தூக்கிச் செல்லலாம் என்று விற்றார்கள். எடை 11 கிலோ, திரை 5 அங்குலம். பேட்டரி கிடையாது. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே நம்மவர்களிடம் மடக்கெழுத்தாணி இருந்தது. ஒரு முனை எழுத, மறுமுனைக் கத்தி ஓலையை நறுக்க, மடக்கினால் மடிக்குள் அடங்கும். எழுதுபவர் ஓலையை இடக்கையில் பிடித்து, இடக்கைக் கட்டைவிரல் நகத்தில் வெட்டிய பள்ளத்தில் எழுத்தாணியைப் பொருத்தி, ஓலையை நகர்த்தி நகர்த்தி எழுதினார். மேசையின் வேலையை நகம் பார்த்தது. சார்ஜ் போடவும் வேண்டாம், நகம் வெட்டும்போது மட்டும் கவனம் வேண்டும்.

இக்காலக் கருவிகளில் ஆய்வாளர் முதலிடம் தருவது துண்டுக்கு. பேருந்து நிலையத்தில் வண்டி நிற்கும் முன்பே ஜன்னல் வழியாக வீசி இடம் பிடிக்கலாம். நான்காக மடித்து மடியில் விரித்தால் கணினிச் சூடு தொடையைச் சுடாது. எட்டாக மடித்துக் கணினிக்கு அடியில் வைத்தால் கேமரா மூக்குத்துளையை விட்டு முகத்தைக் காட்டும். வெயிலில் தலையோடு திரையையும் சேர்த்து மூடினால் எழுத்து தெரியும். மீட்டிங் முடிந்ததும் முகம் துடைக்கலாம். இத்தனை வேலை செய்யும் வேறொரு பொருளை எந்த நிறுவனமும் இன்னும் தயாரிக்கவில்லை.

சார்ஜரைப் பற்றி ஒரு குறிப்பு. மடிக்கணினி சார்ஜர் பெரும்பாலும் மூன்று பின் கொண்டது. பழைய ஓட்டு வீட்டுப் பாயிண்டுக்கோ இரண்டே ஓட்டை. இந்த ஒற்றை ஓட்டை வித்தியாசத்தால் நின்றுபோன மீட்டிங்குகள் ஏராளம். ஆகவே பையில் முதலில் வைக்க வேண்டியது கன்வர்ட்டர் பிளக், இரண்டாவது துண்டு, மூன்றாவதுதான் கணினி.

5. திணைப் பாகுபாடு

தொல்காப்பிய நெறியில் இப்பணியிடத்துக்கு முதற்பொருள் பிளக் பாயிண்டும் கரண்ட் இருக்கும் நேரமும். கருப்பொருள் சார்ஜர், டீ கிளாஸ், கொசு. உரிப்பொருள் திணைக்குத் திணை மாறும்.

கல்வராயன் மலையில் குறிஞ்சி. போனும் டவரும் கூடுவதே ஒழுக்கம். கூடும் குறியிடத்தை ஆடு மேய்க்கும் பிள்ளைகள் அறிவர்: “அந்தப் பாற மேல ஏறுண்ணா, ரெண்டு கோடு வரும்.” ஃபைல் ஏறுகிறதா என்று சுற்றும் வட்டத்தைப் பார்த்தபடி ஆற்றியிருத்தல் முல்லை. கேமராவை ஏன் அணைத்தாய் என்று மேலாளர் முகம் தூக்குவது மருதத்து ஊடல். சேமிக்காத கோப்பு கரண்ட் போனதும் மறைய, அழுது இரங்கல் நெய்தல். சார்ஜரைப் பேருந்திலேயே விட்டு இறங்குதல் பாலை. மியூட்டை எடுக்காமல் பத்து நிமிடம் பேசுவது ஒருதலையாதலால் கைக்கிளை. ஞாயிற்றுக்கிழமை இரவு “ஒரு சின்ன கால்” என்று அழைப்பது பொருந்தாக் காமமாகிய பெருந்திணை.

6. களச் சான்றுகள்

6.1. தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதுபவர். மரத்தடி, ஒரு ஸ்டூல், மடியில் பலகை. ரெக்சின் பைக்குள் வெள்ளைத்தாள், கோர்ட் ஸ்டாம்ப், பசை, மை பேடு, கைநாட்டு வைத்தவர் விரல் துடைக்க ஒரு துணி. இவ்வளவில் பட்டா மாறுதலும் முதியோர் உதவித்தொகையும் வாரிசுச் சான்றும் நடக்கின்றன. வெயில் நகர நகர ஸ்டூலும் நகர்கிறது. மாலையில் பையை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார். ஸ்டூலும் பலகையும்? எதிர் டீக்கடையில். அதற்கு ஈடாகத் தம்மிடம் வருவோரையெல்லாம் அந்தக் கடைக்கே டீ குடிக்க அனுப்புகிறார். “அவரு வைக்க இடம் குடுக்கிறாரு, நான் ஆள் அனுப்புறேன்” என்று கணக்கை மறைக்காமல் சொல்கிறார். இவர் கருதுகோளை நன்கு அறிந்தவர்.

6.2. பெங்களூரு நிறுவனத்துப் பேரன். கீழையூர்த் தெருவில் ஆயா வீட்டுக்கு ஒற்றைப் பையோடு வந்தவர். வந்ததும் சொன்னது: “ஆயா, எனக்கு ஒரு மூல போதும். நான் இருக்கிறதே தெரியாது.” முதல் நாள் கூடத்து மூலை. பாயிண்ட் அங்கே இல்லாததால் டிவி பிளக் பிடுங்கப்பட்டது. தாத்தாவின் சாய்வு நாற்காலி திண்ணைக்குப் போனது. கேமராவில் பின்னால் தெரிகிறது என்று கொடியில் காய்ந்த புடவைகள் கொல்லைக்குப் போயின. பேச்சு கேட்கிறது என்று மிக்ஸி நின்றது. மிக்ஸி நின்றதால் சட்னி நின்றது. மாவாட்ட வந்த பக்கத்து வீட்டு அக்கா வாசலோடு திரும்பினார். தெருவில் கீரை விற்பவர்கூட அந்த வீட்டைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்தினார். ஆயா மட்டும் அடுப்படி வாசலில் நின்று சைகையில் கேட்டார். புரியாததால் வாய்விட்டே கேட்டார்: “யப்பா, மீட்டிங்கி முடிஞ்சிதா? ஒரே ஒரு சுத்து அரைச்சிக்கிறேம்பா.”

அமெரிக்காவிலிருந்த ஒருவர் அக்குரல் கேட்டுச் சிரித்ததாகவும், பேரன் மன்னிப்புக் கேட்டதாகவும் தெரிகிறது. மன்னிப்பு அமெரிக்கருக்கு. ஆயாவுக்கு அல்ல.

7. விதி

இங்கே ஊரின் மூலவரை நினைவுகூர்வது முறை. திருக்கோவிலூரில் எழுந்தருளியிருப்பவர் உலகளந்த பெருமாள், திரிவிக்கிரமர். குள்ள உருவில் வந்து மாவலியிடம் அவர் கேட்டது மூன்றடி மண். இதைவிடச் சிறிய பணியிடம் யாரும் கேட்டதில்லை. கொடுத்த பிறகு ஓரடியில் மண்ணும் ஓரடியில் விண்ணும் போயின. மூன்றாவது அடிக்குக் கொடுத்தவர் தலைதான் மிஞ்சியது.

இதிலிருந்து மூவடி விதி வகுக்கப்படுகிறது: கேட்பது எவ்வளவு சிறிதாக இருக்கிறதோ, எடுப்பது அவ்வளவு பெரிதாக வளரும். “ஒரு மூலை போதும்” என்று கேட்பவருக்கு வீடு முழுதும் போகும். தனி அறை கேட்பவர் ஓர் அறையோடு நிற்பார். பெருமாளுக்கு அது லீலை, காரணமும் உண்டு. நமக்கு இரண்டும் இல்லை.

எதிர்விதியும் இவ்வூரிலேயே உள்ளது. இடைகழியில் படுத்திருந்தவர் தாமே எழுந்து உட்கார்ந்தார், உட்கார்ந்தவர்கள் தாமே எழுந்து நின்றார்கள். பெரியவர்கள் நகர்ந்ததால் இடம் உண்டாயிற்று. பேரன் வீட்டிலும் எல்லாரும் நகர்ந்தார்கள், நகராதவர் ஒருவரே. ஆக, பயணப் பணியிடத்தின் பரப்பு என்பது சுற்றியுள்ளவர்கள் ஒதுங்கிக் கொடுக்கும் தூரம். அதைப் பையில் கொண்டுவர முடியாது, எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

8. முடிவும் பரிந்துரைகளும்

கருதுகோள் நிறுவப்பட்டது. ஒற்றைப் பை ஊழியத்தில் மேசை டீக்கடையிலும், நாற்காலி தாத்தாவிடமும், சோறு ஆயாவிடமும், அமைதி தெருவினரிடமும் உள்ளன. பை சிறியதாக இருப்பது அவர்களின் பெருந்தன்மைக்குச் சான்றே தவிர, பை சுமப்பவரின் திறமைக்கு அல்ல.

ஆகவே மடிக்கணினியோடு ஊருக்குப் புறப்படும் அன்பர்களுக்கு: மீட்டிங் நேரத்தை முதல் நாளே வீட்டில் சொல்லிவிடுங்கள். உட்காரும் முன் சட்னி அரைத்தாயிற்றா என்று கேளுங்கள். டீக்கடை மேசையில் வேலை பார்த்தால் ஒரு டீக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், கூட்டம் வந்தால் எழுந்து கொள்ளுங்கள். தாத்தாவின் நாற்காலியை எடுத்த இடத்தில் வையுங்கள். சம்பள நாளன்று கரண்ட் பில்லை நீங்களே கட்டுங்கள்.