‘எப்ப முடிக்கப் போற?’: ஒரு வினாவின் நோயெதிர்ப்பியல்

நோயெதிர்ப்பியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர் ஊர் திரும்பும்போது அவருக்குள் நுழையும் அயற்பொருள்களில் முதன்மையானது ‘எப்ப முடிக்கப் போற?’ என்னும் வினா. நுழைவழி செவி. ஆரணிப் பக்கத்துப் படவேட்டில் இது ஆண்டு முழுக்கத் தென்பட்டாலும், ரேணுகாம்பாள் கோயிலுக்கு உறவுக்காரர்கள் திரளும் ஆடி வெள்ளிகளில் பரவல் உச்சம் தொடுகிறது.

கேட்பவர்களில் வீரியம் மிக்கவர் பட்டு நெசவாளர். மிதியையும் நாடாவையும் நிறுத்தாமலே, “பாவு ஏத்துனா சேலை அறுத்துத்தானப்பா ஆகணும்?” என்பார். பொத்திப் பொத்தி வளர்த்த செல்கள் பூஞ்சை பிடித்துச் செத்த கதை தறியடியில் எடுபடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகம் போனால் 6, கேட்டால் மேலும் 2 என்று விளக்கப்போனால் நிலைமை முற்றும்.

வினா முதல்முறை நுழையும்போது எதிர்வினை மெதுவானது. உடலில் ஐஜிஎம் எதிர்பொருள் திரளவே ஒரு வாரம்போல ஆகிறது. மாணவரும் டி செல், பி செல் என்று தொடங்குவார். கேட்டவர் காப்பி குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் பி செல்லில்தான் இருப்பார். மறுமுறை நினைவுச் செல்கள் தயாராக இருக்கும். ‘அடுத்த வருஷம்’ என்பது கேள்வி முடியுமுன்பே சுரந்துவிடும்.

தடுப்பு மருந்தில் படிகாரம் சேர்த்தால் எதிர்ப்பு வலுக்கும் என்று 1926இல் அலெக்சாண்டர் கிளென்னி காட்டினார். இங்கே படிகாரத்தின் வேலையைச் செய்வது, ‘உன்கூடப் படிச்சவனுக்கு ரெண்டாவது குழந்தையாம்’ என்னும் சேர்மானம்.

குறுக்குவினையும் உண்டு. ‘டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை’ என்று கேள்விப்பட்டுத் தொண்டையைத் திறந்து காட்டும் பாட்டிகள் இவ்வகை. உண்மையில் என்ன ஆராய்ச்சி என்று சொல்வதும் ஆபத்து. வி. ஆர். முத்துக்கருப்பனும் சக ஆய்வாளரும் ஓணானுக்கு ஆட்டுச் சிவப்பணுக்களைச் செலுத்தி எதிர்பொருள் உண்டாவதை 1972இல் பதிவு செய்தனர், நல்ல ஆய்வு. ஆனால் ஓணான் பிடிப்பதில் படவேட்டுச் சிறுவர்கள் உதவித்தொகை இல்லாமலே தேர்ந்தவர்கள். மாதம் 37,000 ரூபாய் என்ற விவரம் அவர்களிடம் மனக்கசப்பையே உண்டாக்கும்.

எலிக் கருவிலேயே அயல் செல்களைச் செலுத்தினால் வளர்ந்தபின் அந்த எலி அவற்றை ஏற்கும் என்று 1953இல் பீட்டர் மெடாவர் குழுவினர் நிறுவினர். இந்த வினாவையும் கருவிலேயே கேட்டிருக்க வேண்டும்; எம்.எஸ்ஸி.க்குப் பிறகு காலம் கடந்துவிடுகிறது.

ஆய்வகத்திலும் இதே வினா உலவுகிறது. அங்கே கைடு கேட்டால் மாணவருக்குக் காய்ச்சல் காண்கிறது. மாணவர் கேட்டால் கைடுக்கு.