மறுபடியும் ரியாத்தில்

கேள்வி: 2024 டிசம்பர் 21-ல் ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்கள் உசிக்கும் ஃபியூரியும் ரியாத்தில் மறுபடி மோதினார்களே, ஆறடி ஒன்பது அங்குல ஃபியூரி அந்த முறை விட்டாரா?

பதில்: உசிக்தான் ஜெயித்தார். உயரமும் எடையும் மணி அடிக்கும்வரைதான் மிரட்டும். அதன்பிறகு கால்தான் பேசும். அதே ஆண்டு மே மாதம் நடந்த முதல் சண்டையில், நடு ரவுண்டுகளில் ஃபியூரியின் அப்பர்கட் உசிக்கைப் பதம் பார்த்தது உண்மை. ஆனால் ஒன்பதாவது ரவுண்டில்? உசிக்கின் இடது கை இறங்கியதும் ஃபியூரி மூலைக்கு மூலை தள்ளாடினார். கயிறு மட்டும் தாங்கியிராவிட்டால் முன்வரிசை ரசிகர் மடியில்தான் உட்கார்ந்திருப்பார்! நடுவர் எட்டு எண்ணி முடிக்க, மணி காப்பாற்றியது. அப்படியும் மூன்று நீதிபதிகளில் ஒருவர் ஃபியூரிக்கே 114-113 போட்டாரே, எனக்கு இன்னும் ஆறவில்லை. டிசம்பரில் நாக்-அவுட் செய்திருந்தால்தான் ஃபியூரிக்கு வழி. பன்னிரண்டு ரவுண்டும் ஓடியது; பெல்ட்டுகள் உசிக்கிடமே இருந்தன.